பதினைந்தாவது வரிசை

பெரம்பலூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்த மணிமொழிக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்க ஆபீசில் வேலை. காலையில் குழிக்குள் இறங்குகிற பதினான்கு பேரின் பெயர்களை எக்செல்லில் வரிசைக்கு ஒன்றாக அடிப்பாள். அந்தப் பதினான்கு வரிசைகளுக்கும் சேர்த்து 'ஷிப்ட்' என்று பெயர் கொடுத்திருந்தாள். அதற்குள் எத்தனை பேர் என்று கம்ப்யூட்டரே எண்ணிக் காட்டும். மேலேறி வந்தவர்கள் அந்த எண்ணுக்குச் சரியாக இருந்தால்தான் வெடி வைப்பார்கள்.

2004 மாசியில் வீரமுத்து புதிதாகச் சேர்ந்தான். அவன் பெயரைப் பட்டியலின் கடைசியில் அடித்தாள்.

அன்று பதினோரு மணிக்கு மேஸ்திரி அறிவரசன் போன் செய்தார். "எத்தனை பேரும்மா?"

திரை காட்டிய எண்ணைப் பார்த்தாள். "பதினாலுண்ணே."

"அப்ப எல்லாரும் ஏறிட்டாங்க. வெடிக்குச் சங்கு ஊதச் சொல்றேன்."

சங்கு ஊதினால் ஓடிவர வேண்டுமென்று புது ஆளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வெடியில் ஜன்னல் கண்ணாடி வழக்கம்போல அதிர்ந்தது.

மதியம் ஒரு பெண் தூக்குவாளியோடு வாசலில் நின்றாள். "எங்க வூட்டுக்காரரு எங்கங்க? வீரமுத்து. இன்னிக்குத்தான் சேந்தாரு. மத்தவங்க எல்லாம் சாப்பிடுறாங்க."

மணிமொழி திரையைப் பார்த்தாள். 'ஷிப்ட்' பதினான்காவது வரிசையோடு முடிந்திருந்தது. அதை நீட்டிவிட மறந்திருந்தாள். வீரமுத்துவின் பெயர் எண்ணிக்கையில் சேராமல் அதற்குக் கீழே தனியாக இருந்தது.

"உக்காருங்கக்கா" என்றாள். பிறகு போனை எடுத்தாள்.