மூன்று மணிக்கு மேல் அலைக்குளம்

வள்ளியூர்ப் பக்கம் இருக்கிற அந்த நீர்விளையாட்டுப் பூங்காவைக் காலை பத்தரைக்குத்தான் திறப்பார்கள். எங்கள் ஊர் ஆட்கள் ஒன்பது மணிக்கே வாசலில் நிற்பார்கள். முழு டிக்கெட் எடுக்கப்போகிறோம், ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாது என்கிற வைராக்கியம். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை என்று தெரிந்தும் தூக்குச்சட்டியில் புளியோதரை கட்டி வருவார்கள். கேட்டில் தடுத்தால் அங்கேயே நின்றபடி தின்று தீர்த்துவிட்டு, நிறைந்த வயிற்றோடு சறுக்கில் ஏறுவார்கள். அப்படி முண்டியடித்து உள்ளே போன கூட்டம், நாலு மணி ஆனதும் தலையைத் துவட்டிக்கொண்டு கிளம்பிவிடும். பஸ்ஸில் இடம் பிடிக்க வேண்டும், வீட்டில் விளக்கேற்ற வேண்டும். பூங்காவோ ஆறு மணி வரை திறந்திருக்கும்.

வருஷா வருஷம் பள்ளிப் பிள்ளைகளை மேய்த்துக்கொண்டு போகிற டீச்சர் நான். ஒருமுறை எங்கள் பஸ் பழுதாகி அங்கேயே கிடக்க நேர்ந்தபோதுதான், மாலையில் ஆளே இல்லாத அலைக்குளத்தைப் பார்த்தேன். பார்த்ததும் அக்காவின் நினைப்பு வந்தது.

அக்காவுக்கு அதற்கு முந்தைய வருஷம் ஒரு பக்க மார்பை எடுத்திருந்தார்கள். புற்றுநோய். சிகிச்சையெல்லாம் முடிந்து, இனி எப்போதும்போல இருக்கலாம், தண்ணீரில் இறங்கலாம் என்று டாக்டரே சொல்லியாயிற்று. அக்காதான் இறங்கவில்லை. குறுக்குத்துறை ஆற்றில் சேலையை வரிந்துகட்டிக்கொண்டு எதிர்க்கரைக்கு நீந்தித் திரும்புகிறவள், ஆற்றுப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். ரவிக்கைக்குள் பஞ்சு வைத்துத் தைத்திருந்தாள். நனைந்தால் அது கனத்துக் கீழே இறங்கிவிடும். படித்துறையில் அத்தனை பெண்களுக்கு நடுவே அப்படி நிற்க அவளால் முடியாது. தெருவில் யாராவது எதிரே வந்தாலே முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். யார் மேல் என்று தெரியாத கோபம்.

பரீட்சை நேரத்து வெள்ளிக்கிழமை ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பள்ளிக்கூடம் எதுவும் டூர் வராது. அரை நாள் லீவு போட்டேன்.

"முழு டிக்கெட் எடுத்துட்டு மூணு மணிக்குப் போற கோட்டிக்காரியை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார் என் கணவர்.

அக்காவிடம் குளிக்கிற பேச்சையே எடுக்கவில்லை. என் பையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றேன். ஒவ்வொரு குடும்பத்திலும் தண்ணீரில் இறங்காமல் பையையும் செருப்பையும் காக்கிற பெண் ஒருத்தி உண்டு. அந்தப் பதவி பத்திரமானது என்று அக்கா நினைத்திருப்பாள். தச்சநல்லூரில் இருந்து கிளம்பி, வழியில் பாளையங்கோட்டையில் அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

டிக்கெட் கொடுக்கிற பையனுக்கு எங்களைப் பார்த்து மனசு கேட்கவில்லை. "யக்கா, ஆறு மணிக்கு மூடிருவோம். இப்ப போனா உங்களுக்குத்தான் நட்டம். நாளைக்குக் காலையில வாங்க."

"நட்டமெல்லாம் இல்ல தம்பி. நீங்க டிக்கெட்டைக் கிழிங்க."

உள்ளே நைலான் உடுப்பு இல்லாமல் தண்ணீரில் விடமாட்டார்கள். வாடகைக்கு இரண்டு வாங்கினேன்.

"ரெண்டு எதுக்குட்டி?" என்றாள் அக்கா.

"ஒண்ணு நனைஞ்சா மாத்துறதுக்கு."

நனைந்துவிட்டது என்று நீச்சல் உடுப்பை மாற்றுகிற ஆளை அவள் எங்கே கண்டாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாலு மணிக்கு மேல் நான் எதிர்பார்த்தபடியே கூட்டம் வடிந்தது. அலைக்குளத்தில் நானும், தூரத்தில் ஒரு குடும்பமும், கரையில் விசில் மாட்டிய காவல்காரப் பெண்ணும்தான். நான் அக்காவைக் கூப்பிடவில்லை. வாயை அடக்குவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மெஷின் அலையைக் கிளப்பப்போகிறது என்று சைரன் ஊதியது. அலை வந்தது. நீச்சல் அரைகுறையாகத் தெரிந்த நான் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தேன்.

அக்காவால் பொறுக்க முடியவில்லை. "காலை அடிக்காமக் கையை மட்டும் வீசினா எப்படிட்டி மிதப்ப?"

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றேன்.

அக்கா பையிலிருந்து அந்த இரண்டாவது உடுப்பை எடுத்தாள். பிறகு எழுந்து காவல்காரப் பெண்ணிடம் போனாள். "இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கிடுதியாம்மா?"

உடை மாற்றுகிற அறையிலிருந்து அவள் வர வெகுநேரம் ஆனது. வராமலே போய்விடுவாளோ என்று பயந்துவிட்டேன். தொளதொளத்த நைலான் சட்டையோடு, இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காகக் கட்டியபடி வந்தாள். பஞ்சு இல்லை. இடுப்பளவு தண்ணீர் வரும்வரை கைகளை எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நீந்த முடியாதே. எடுத்தாள். ஈரத்தில் ஒட்டிய சட்டை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. காவல்காரப் பெண் எல்லாரையும் பார்ப்பது போலத்தான் அவளையும் பார்த்தாள். "அங்கன ஆழம், பாத்துப் போங்கம்மா" என்றாள்.

அக்கா ஆழத்துக்குத்தான் போனாள். அலைக்குள் தலையைக் கொடுத்து, அந்தப் பக்கம் எழும்பி, மல்லாந்து மிதந்தாள். அறுவை செய்த பக்கத்துக் கையும் வீச்சில் குறையவில்லை. நான் நின்ற இடத்திலேயே அழுதேன். சந்தோஷமாக அழுதேன்.

மூடுகிற நேரத்துக்கு விசில் ஊதினார்கள். அக்கா கரையேறி, இரண்டு கைகளையும் தூக்கிக் கூந்தலைப் பிழிந்துகொண்டு நின்றாள். அந்தக் குடும்பம் அவளைத் தாண்டிப் போனது. அவள் கைகளை இறக்கவில்லை.

"நாளைக்கு எப்பம்மா திறப்பீய?" என்று காவல்காரப் பெண்ணிடம் கேட்டாள்.

"பத்தரைக்கு. ஆனா நாளைக்குச் சனிக்கிழமைல்லா, கூட்டம் தாங்காதும்மா."

நான் அவசரமாக, இன்னொரு வெள்ளிக்கிழமை இதே மாதிரி வரலாம் என்று சொல்லப் போனேன். அக்கா என்னைப் பேசவிடவில்லை.

"இருந்தா இருக்கட்டும்" என்றாள். "நான் நீந்துறதுக்குக் கொஞ்சம் எடம் விட்டாப் போதும்."