ஆணியில் தொங்கிய திருக்கை வால்

மனநோயாளிகளின் குறையைக் கேட்டு அவர்கள் சார்பில் பேசுவதற்கு அரசு ஓர் அலுவலகம் வைத்திருக்கிறது. அந்த அலுவலகம் வாயைத் திறக்கிறதா என்று பார்க்கிற குழுவில் நானும் ஒருத்தி. ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சும்மா இருக்க முடியாமல் ஏற்றுக்கொண்டது. கோபக்காரி என்று பள்ளியிலேயே பெயர் எடுத்தவள் நான்.

தூத்துக்குடி உப்பளத்தை ஒட்டியிருந்த ஒரு தனியார் காப்பகத்துக்கு அந்த அலுவலகத்து அதிகாரியோடு போனேன். மாதாமாதம் போகிறவர், ஒருமுறைகூடக் குறை என்று எதையும் எழுதியதில்லை. காரணம் போன கொஞ்ச நேரத்திலேயே விளங்கிவிட்டது. அங்கே எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிற காப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, ஏதும் குறை உண்டா என்று நோயாளிகளை வரிசையாகக் கேட்டார். திருடனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு களவு போனதா என்று கேட்கிற கதைதான். எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். காப்பாளருக்குப் பின்னால் ஆணியில் திருக்கை வால் தொங்கியது. காயவைத்த மீன்வால், ஓங்கி அடித்தால் தோலை உரித்துவிடும். நாய் விரட்ட வைத்திருக்கிறதாம். அதிகாரி டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று ஒரு மீன்காரப் பெண்ணும் வந்திருந்தாள். கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்த அவள் புருஷனும் அந்த நோயாளிகளில் ஒருவன். அவனை வீட்டுக்குக் கூட்டிப்போகப் பல தடவை கேட்டுவிட்டாள். ஆள் மூர்க்கம், அடிப்பான், விட முடியாது என்றார் காப்பாளர். அதிகாரி ஆமாம் போட்டார். அவள் வரிசையில் நின்ற புருஷனைத் திருப்பி, முதுகுச் சட்டையைத் தூக்கினாள். பழைய தழும்புகளின் மேலேயே புதுக் காயம், சீழ் கோத்திருந்தது.

"யாருலே மூர்க்கம்?"

கேட்ட கையோடு வாலை உருவி, காப்பாளரின் முகத்தில் விளாசினாள். கன்னம் பிளந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. அவர் அவள் கொண்டையைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார். அவள் மறுபடியும் வீசினாள். தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சத்தத்துக்கு, கூடத்தில் இருந்த அத்தனை ஆண்களும் தலையைக் கையால் மூடிக்கொண்டு தரையில் குப்புற விழுந்தார்கள். அவள் புருஷனும் விழுந்தான்.

அவள் வாலை எறிந்துவிட்டு அவனிடம் ஓடினாள். அவன் தலையை நிமிர்த்தாமலே அவள் காலைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, நான் யார்ட்டயும் ஒண்ணும் சொல்லல."

அதிகாரி அப்போதுதான் பேனாவைத் திறந்தார். நான் அதைப் பிடுங்கி, அவன் முதுகில் கண்டதையும் அவனை உடனே வீட்டுக்கு விடவேண்டும் என்பதையும் எழுதினேன். அவன் அன்றைக்கே அவளோடு வீட்டுக்குப் போனான்.