நான் போட்ட புள்ளடிகள்

கனடாவில் நடந்த மாகாணத் தேர்தலில் எங்கள் ஸ்காபரோ தொகுதியில் நின்ற ஒரு தமிழ்ப் பெண்பிள்ளைக்காக வீடு வீடாக வாக்குக் கேட்டுப் போனேன். முதல் நாளே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் சனம் வாசலுக்கு வந்தவரின் முகத்துக்கு நேரே மாட்டோம் என்று சொல்லாது. "ஓம், பாப்பம்" என்று சிரித்துக் கதவைச் சாத்தும். வாக்குப் போடாது.

அன்று பின்னேரமே, தேர்தலில் யார் வெல்வார் என்று பந்தயம் பிடிக்கும் செயலி ஒன்றில், அவள் தோற்பாள் என்று காசு கட்டினேன். அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அடுத்த நாளிலிருந்து "பாப்பம்" என்ற வீடுகளுக்கெல்லாம், யார் வாக்குப் போடுவார் என்று குறிக்க அவள் தந்த தாளில் "நிச்சயம்" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். நிச்சயம் என்று குறித்த வீடுகளுக்கு அவள் நேரில் போய்க் கேட்கமாட்டாள் என்று தெரிந்துதான் போட்டேன்.

தோற்ற பிறகு அவள் அந்தத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"அங்கிள், நீங்கள் போன தெருவெல்லாம் நிச்சயம் எண்டுதானே கிடக்கு. பிறகென்ன நடந்தது?"

"எங்கட சனத்தை நம்பேலாது, பிள்ளை" என்றேன்.

அவள் தலையாட்டினாள். அதையும் நம்பினாள்.