பெண் பார்க்கப் போன அன்று மாட்டிக்கொண்ட டி-ஷர்ட்

முட்டை பப்ஸ் வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சுச் சதை லேசாக வலிக்கிறது...

கழக்கூட்டத்தில் நான் முதன்முதலாகச் சேர்ந்த ஜிம் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே பப்ஸ் வேகும், மேலே நாங்கள் வெந்துகொண்டிருப்போம். துருப்பிடித்த தம்பெல், ரெக்ஸின் கிழிந்த பெஞ்ச், மழை வந்தால் ஜன்னலோரம் ஒரு பக்கெட். ட்ரெயினர் ஷிபு என்னைவிடச் சின்னவன்தான்.

அப்போது நான் படு ஒல்லி. சட்டை போட்டால் ஹேங்கரில் மாட்டிய மாதிரி தொங்கும். அதுகூடப் பரவாயில்லை, கழற்றினால்தான் வினை. எங்கள் ஊரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் கோயிலுக்குள் போக வேண்டும். அதனாலேயே நான் வருஷக்கணக்காக வெளியில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.

அப்படியிருக்க, கரமனை வீட்டிலிருந்து அம்மா போன் பண்ணினாள்.

"பொண்ணு பேரு வித்யா. ஸ்ரீவராகத்துல இருக்கா. ஆத்துக்கு வந்து பாத்தா தெருவே எட்டிப் பாக்கும், கோயில்ல வச்சுப் பாத்துக்கலாம்னு சொல்றா. அடுத்த மாசம், ஞாயித்துக்கிழமை."

"கோயில்லயா?"

"ஏன், கோயிலுக்கு என்ன கொறச்சல்?"

அவளிடம் எப்படிச் சொல்வது? பெண் பட்டுப்புடவை, பூ, நகை என்று ஜம்மென்று வருவாள். மாப்பிள்ளை மட்டும் விலா எலும்போடு வந்து நிற்க வேண்டும்.

ஏற்கெனவே வந்த இரண்டு வரன்கள் "பையன் நோஞ்சானாட்டம் இருக்கான்" என்று போயிருந்தன. வித்யாவின் போட்டோவை நான் ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். ஆனால் இது மட்டும் தட்டிப்போகக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. அன்று சாயங்காலமே பேக்கரி மாடி ஏறிவிட்டேன்.

முதல் நாள் ஷிபு வெறும் கம்பியைக் கையில் கொடுத்தான். வெயிட்டே மாட்டாத கம்பி... அதுவே என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. பக்கத்தில் ஒருவன் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

நேந்திரம்பழமும் ஊறவைத்த கடலையும் தின்று தின்று வயிறு உப்பியது, கை உப்பவில்லை. நடுவில் ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் வந்து ஜிம் பக்கமே போக முடியாமல் நாட்கள் ஓடின. கண்ணாடியில் பார்த்தால் அதே ஹேங்கர்.

கடைசியில் சனிக்கிழமை காலை, பரீட்சைக்கு முந்தின நாள் மொத்த புஸ்தகத்தையும் படிப்பது போல, மார்பு, தோள், கை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய ஆரம்பித்தேன்.

ஷிபு ஓடி வந்து தம்பெல்லைப் பிடுங்கினான். "மதி, சேட்டா! ஒரு திவசம் கொண்டு மசில் வரில்லா!" போதும், ஒரே நாளில் மசில் வராது என்று மலையாளத்தில் கத்தினான்.

நான் எங்கே கேட்டேன்...

ஞாயிறு காலை கரமனை வீட்டில் பல் தேய்க்கக் கை வாய் வரைக்கும் வரவில்லை. முகத்தைக் கொண்டுபோய் பிரஷ்ஷில் வைத்துத் தேய்த்தேன். இருந்தும் பந்தா போகவில்லை. கை புஷ்டியாகத் தெரியட்டும் என்று இறுக்கமான டி-ஷர்ட் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். "வேஷ்டிக்கு மேல பனியனாட்டம் என்னடா இது" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டே அதை மாட்டிவிட்டாள்.

ஸ்ரீவராகம் கோயில் வாசல். வித்யா, அவள் அம்மா, அப்பா. கும்பிடு போட்டாயிற்று. உள்ளே போகலாம் என்றார்கள்.

டி-ஷர்ட்டை மேலே இழுத்தேன். முகம் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் கை எழும்பவில்லை. கீழேயும் இறங்கவில்லை. முகம் துணிக்குள், இரண்டு கையும் அந்தரத்தில்... நான் யாருக்கும் காட்டக் கூடாது என்று ஒரு மாதம் பாடுபட்ட விலா எலும்பு மட்டும் எல்லோருக்கும் தரிசனம். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

துணிக்கு வெளியே ஒரு ஆண் குரல் பக்கத்தில் வந்தது.

"அசையாம நில்லு. நான் பாத்துக்கறேன்."

வித்யாவின் அப்பா. ஒரு கையாக, மெதுவாக, வலிக்காமல் உருவி எடுத்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை, சிரிக்கவும் இல்லை. டி-ஷர்ட்டை மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, "வா, நடை சாத்திடுவா" என்றார்.

பிரகாரத்தில் வித்யாவையும் என்னையும் கொஞ்சம் முன்னால் நடக்கவிட்டார்கள்.

"கைக்கு என்ன ஆச்சு?"

"ஜிம்முக்குப் போறேன். ஒரு மாசமா."

என் தோளை ஒரு பார்வை பார்த்தாள். "அப்படியா... எங்க இருக்கு?"

"இன்னும் வரலை" என்றேன். வேறென்ன சொல்ல?

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பாருங்கள்... சாயங்காலம் போன் வந்தது. சம்மதம்.

இப்போது எங்கள் ஃப்ளாட்டிலேயே ஏசி போட்ட ஜிம் இருக்கிறது. நான் அதைத் தாண்டித்தான் லிஃப்ட்டுக்குப் போகிறேன். எந்த ட்ரெயினரும் இல்லாமல் தொப்பை தானாக வந்துவிட்டது. பேக்கரி மாடியில் இப்போது மொபைல் கடை. ஷிபு எங்கே இருக்கிறானோ தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாமனாரோடு அதே கோயிலுக்குப் போனோம். வாசலில் அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். அதற்கு மேல் வலது கை பின்னால் போகவில்லை. கொஞ்ச நாளாகவே தோள் இறுகிப்போய்விட்டதாம். எங்களிடம் சொல்லவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, திரும்பவும் பொத்தானைப் போட ஆரம்பித்தார்.

"நீங்க போயிட்டு வாங்கோ. நான் இங்கயே நின்னு சேவிச்சுக்கறேன்."

அந்தக் கூச்சம் எனக்குத் தெரியும். கிட்டே போனேன்.

"அசையாம நில்லுங்கோ மாமா. நான் பாத்துக்கறேன்."

ஒரு கையாக, மெதுவாக உருவினேன். உள்ளே எல்லாம் எலும்பு...

அவர் என் தொப்பையைப் பார்த்தார், தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார்.

"ஒரு ஜிம்முக்கும் போகாமலே உன் பழைய எலும்பெல்லாம் எனக்கு வந்துடுத்து, கேட்டியா" என்றார்.

சட்டையை மடித்து என் தோளில் போட்டுக்கொண்டேன். நடை சாத்துவதற்குள் உள்ளே போய்விட்டோம்.