குட்டும் இணைதிறனும்

திண்டிவனத்தில் நான் பத்தாம் வகுப்பு டியூஷன் போன இடத்தில் வேதியியல் ரிவிஷனுக்கு ஒரு முறை இருந்தது. சார் ஒவ்வொரு பெஞ்சாகக் கேள்வி கேட்பார். தெரியாதவர்களும் தப்பாகச் சொன்னவர்களும் எழுந்து நிற்க வேண்டும். சரியாகச் சொன்னவர் அவர்கள் தலையில் குட்ட வேண்டும். சத்தம் சாருக்குக் கேட்காவிட்டால் மறுபடியும் குட்ட வேண்டும். "நான் எந்தப் புள்ள மேலயும் கை வெச்சதில்லைங்க" என்று பெற்றோரிடம் பெருமையாகச் சொல்வார், வெட்கங்கெட்ட மனிதர்.

கூட்டேரிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற நாங்கள் நான்கு பெண்களும் ஒரே பெஞ்சு. தெரிந்தாலும் இனி யாரும் பதில் சொல்லக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டோம். "செத்தாலும் சொல்லமாட்டேன்டி" என்று முதலில் சத்தியம் செய்தவள் என் உயிர்த்தோழி.

அன்று மாலை சார் எங்கள் பெஞ்சிடம் சோடியத்தின் இணைதிறனைக் கேட்டார். பதில் தெரிந்தும் நான் எழுந்து நின்றேன். இன்னும் இருவர் நின்றார்கள்.

"ஒண்ணு சார்" என்றாள் அவள்.

சார் பூரித்துப்போனார். அவள் வரிசையாகக் குட்டிக்கொண்டு வந்தாள். என் தலையில் விழுந்ததுதான் பலமான குட்டு.

திரும்பும்போது பஸ்ஸில் வழக்கம்போல் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். "சார் பாத்துக்கினே இருந்தாருடி, நான் இன்னா பண்றது? ரொம்ப வலிச்சுதா?"

"இல்லடி" என்று சிரித்தேன்.

"நாளைக்கு அலுமினியம் கேப்பாரு. அதுக்கு இன்னாடி?"

மூன்று என்பது எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

"ரெண்டு" என்றேன். "நல்லா மனப்பாடம் பண்ணிக்கோ."