ரோட்டுப் பக்கம் இருந்த பாதி

என் மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, இதுல விண்டோஸ் கூட லினக்ஸும் போடணும். உனக்கு இதெல்லாம் தெரியாதுல்ல?" என்றாள். தெரியும் என்றேன். நம்பவில்லை. ப்ளஸ் டூவோடு நின்றவன் சொன்னால் யார் நம்புவார்கள்? நீங்களாவது கேளுங்கள், பிள்ளைகளே.

மடிக்கணினி அடியிலிருந்து சூடான பிளாஸ்டிக் வாசனை வந்தது. அந்த வாசனைக்கு எனக்கு லேமினேஷன் மிஷின் ஞாபகம் வரும். லேமினேஷன் என்றால் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரே நான் வேலை பார்த்த கடை. ரேஷன் கார்டுக்கு உறை போடுவோம், கல்யாணப் பத்திரிகை டைப் அடிப்போம், சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்பும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே கம்ப்யூட்டர். முதலாளிகள்தான் இரண்டு பேர், மானாம்பதி ஊர்க்கார அண்ணன் தம்பி. பெரியவர் ஏகாம்பரத்துக்குப் பத்திரிகை வேலை, சின்னவர் தேவராஜுக்கு வகுப்பு.

ஒருநாள் வகுப்புக்கு வந்த யாரோ, ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையை அழித்துவிட்டார்கள். பெயரைத்தான். பெரியவர், "பொட்டிய வித்துட்டுப் பிரிஞ்சிக்கலாம்" என்றார். கம்ப்யூட்டர் பெட்டி போனால் டைப் அடிக்கிறவனும் போகவேண்டியதுதான். அது நான். எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரே சம்பளம் என்னுடையது.

ஒரு மாத இதழோடு, விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் சிடி இலவசமாக வந்திருந்தது. அதை எடுத்துக் காட்டினேன்.

"விக்க வாணாம்ணா. பொட்டிக்குள்ள கீற டிஸ்க்க ரெண்டா பிரிச்சி, உங்களுக்கு விண்டோஸ், தேவாண்ணனுக்கு லினக்ஸ்னு போட்டுடறேன். பொட்டியப் போட்டதும் எது வோணும்னு அதுவே கேக்கும். அவுங்க பசங்க உங்க பக்கம் வராதுங்க."

"சரிபாதியா?"

"சரிபாதிண்ணா."

பிரிப்பது என்று பேச்சு வந்ததுமே இருவரும் நிலம் பிரிக்க உட்காருவதுபோல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பெரியவர் பங்கு போட வேண்டும், எந்தப் பங்கு என்று முதலில் சொல்கிற உரிமை சின்னவருக்கு. அதுதான் அவர்கள் வீட்டு வழக்கம். திரையில் டிஸ்க் நீளமான பட்டையாகத் தெரிந்தது. பெரியவர் நடுவில் விரலை வைத்தார். சின்னவர் யோசிக்கவே இல்லை. முன் பாதியைக் காட்டினார்.

"எனக்கு அது. ரோட்டுப் பக்கம் கீது பாரு."

முன் பாதியில்தான் விண்டோஸ் இருந்தது. பெரியவரின் அத்தனை பத்திரிகையும் அதற்குள். அங்கே லினக்ஸ் போட்டால் எல்லாம் போய்விடும் என்று சொன்னேன்.

"நைனா நிலத்தப் பிரிச்சப்பவும் இப்பிடித்தான் எதுனா சொல்லி முன்பக்கத்த உனக்குக் குடுத்தாங்க" என்றார் சின்னவர்.

"ஏன்டா, டிஸ்க்குக்குள்ள பஸ்ஸா வருது?"

"வரலன்னா நீ பின்பக்கம் போயேன்!"

பெரியவர் சிடியை எடுத்து என் கையில் வைத்தார். "வித்துடலாம்பா."

அப்போதுதான் எனக்கு ஸ்வாப் ஞாபகம் வந்தது. மெமரி போதாமல் போனால் எடுத்துக்கொள்ள, லினக்ஸ் டிஸ்கில் தனியாக ஒதுக்கிக்கொள்ளும் இடம் அது.

"தேவாண்ணா, பின்பக்கம் எடுத்தா கிணறு கீது."

"கிணறா?"

"மெமரி வத்திப்போனா அதுலேர்ந்து எடுத்துக்கும். லினக்ஸுக்குத்தான் தனியா வெட்டுவாங்க."

சின்னவர் மானாம்பதியில் கிணறு இல்லாத பங்கு வாங்கியவர். நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டார். "எம்மாம் பெருசு?" என்றார்.

"அப்போ எனக்குக் கிணறு இல்லியா?" என்றார் பெரியவர்.

"உங்களுது வூட்டுக்குள்ளயே கீதுண்ணா."

பொய் சொல்லவில்லை. விண்டோஸ் அதைத் தன் பங்குக்குள்ளேயே ஒரு ஃபைலாக வைத்துக்கொள்ளும்.

போட்டு முடித்தேன். பெட்டியைப் போட்டால் இரண்டு பெயர் வரும். யாரும் எதையும் அழுத்தாவிட்டால் சற்று நேரத்தில் மேலே இருப்பது தானாக ஓடும். யார் மேலே என்று மறுபடி சண்டை. தானாக ஓடுவதையே எடுத்துவிட்டேன். கரண்டு போய் வந்தால், யாராவது அழுத்தும்வரை அது அப்படியே நிற்கும். யார் அழுத்துவது என்று தினமும் ஒரு சண்டை. என் வேலை தங்கியது.

கம்ப்யூட்டர் விலை இறங்கியதும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். கடைக்கு நடுவில் சுவர் வந்தது. எனக்குக் காலையில் பெரியவர் பக்கம் வேலை, மதியத்துக்குமேல் சின்னவர் பக்கம். சண்டை நின்றது, பேச்சும் நின்றது. கரண்டு போனால் மட்டும் சின்னவர் என்னிடம், "அந்தாண்டயும் போச்சான்னு கேட்டுக்கினு வா" என்பார். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மீட்டர் என்பது அவருக்குத் தெரியும். போய்க் கேட்பேன். "போச்சுன்னு சொல்லு" என்பார் பெரியவர். வந்து சொல்வேன்.

அப்புறம் ஆளுக்கொரு இன்வெர்ட்டர் வாங்கினார்கள். கரண்டு போவதே யாருக்கும் தெரியாமல் போனது.