தறியிலேயே இருந்த கட்டுரை

இன்று காலை மெயிலைத் திறந்தால்...

நிர்வாகவியல் கல்வி பற்றிய ஒரு வெளிநாட்டு ஆய்விதழ், தங்களுக்கு வந்த கட்டுரையைப் படித்துக் குறைகளைச் சொல்ல முடியுமா என்று என்னைக் கேட்டிருக்கிறது.

(என்னை! ஆள் மாறிவிட்டதோ என்று இரண்டு முறை பார்த்தேன்.)

மனசு நேராக 2003-க்குப் போய்விட்டது.

அப்போது எம்பிஏ முடித்துவிட்டு ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். இதே இதழில் ஒரு கட்டுரை வந்துவிட்டால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

ஆரணியில் எங்கள் வீட்டில் இரண்டு பட்டுத்தறி. அக்கா செல்வி நெய்ய, பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்து எழுதினேன். நெசவாளர் தறியில் தொழில் கற்கும் விதத்திலிருந்து எம்பிஏ வகுப்புக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் விஷயம்.

அனுப்பி நாலு மாதம் கழித்து, பிரவுசிங் சென்டரில் மெயிலைத் திறந்தால் பதில் வந்திருந்தது. கட்டுரையில் இருபத்தாறு குறைகள்.

எங்கள் ஊரில் முதலாளியிடம் கொடுத்த புடவை குறை சொல்லித் திரும்பினால், திரும்பியதுதான். தறியிலிருந்து அறுத்து எடுத்த புடவையை மறுபடி நெய்ய முடியாது.

அதனால் வீடே துக்கம் காத்தது. பிரிண்டை மடித்து பீரோவில் போட்டேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

மூன்று வாரம் போனது. பீரோவில் எதையோ தேடிய அக்கா அதை எடுத்துப் பார்த்தாள்.

"கடைசில தேதி போட்டுகிறாங்களே, எதுக்குடா?"

"அதுக்குள்ள திருத்தி அனுப்பணுமாம்."

"அப்ப இன்னும் தறியிலதான்டா இருக்குது, அறுக்கவே இல்ல. நீ ஏன் மடிச்சி வெச்சிகினு இருக்க?"

மிச்சம் ஒன்பதே நாள்!

அக்காவையே உட்கார வைத்துத் திருத்தினேன். தொழில் கைவந்துவிட்டது என்று நெசவாளருக்கு எப்படித் தெரியும் என்பது இதழ்காரர்கள் கேட்ட பெரிய கேள்வி. பதில் அக்காவிடம் இருந்தது.

"மொதல்ல இழை அறுந்த அப்புறம்தான் தெரியும். கத்துக்கினா, அறுவறதுக்கு முன்னாடியே கைக்குத் தெரியும்."

அதை அப்படியே போட்டேன். கட்டுரை அச்சில் வந்தது, வேலையும் நிரந்தரமானது. நன்றிப் பகுதியில் தன் பெயர் இருந்த பக்கத்தை அக்கா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். (இங்கிலீஷில் அவள் பெயரைத் தவிர யாரும் எதையும் படிக்கவில்லை.)

இன்று மதியம் அந்தப் புதுக் கட்டுரையைப் படித்து முடித்தேன். நல்ல விஷயம், ஆனால் குறைகள் ஏராளம். அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"யாரு எழுதினது?"

"பேர் காட்ட மாட்டாங்கக்கா."



"குறைய அப்பால எழுது. இன்னும் அறுக்கலனு மொதல் வரியிலயே சொல்லிடு. பாவம், அந்தப் புள்ளயும் எங்கனா பீரோல மடிச்சி வெச்சிடப் போவுது."

முதல் வரியாக அதைத்தான் எழுதியிருக்கிறேன்.